கையுறைக்குள் இருந்தவள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மிருகக்காட்சிசாலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மிருகங்களைப் பார்க்க வருவதில்லை. நிழலில் உட்கார வருகிறார்கள். புலியின் அடைப்புக்கு முன்னால் நீளமாகப் பெஞ்சு போட்டிருக்கிறோம். அதில் புலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவார்கள். புலி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். யாரை யார் வேடிக்கை பார்ப்பதற்கு டிக்கெட் வாங்கினார்களோ என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். வேடிக்கை பார்க்க வருகிற இடத்தில்தான் சார் யாரும் எதையும் பார்ப்பதில்லை. போதாததற்கு நான் வேலை செய்ததோ ஜனங்கள் வராத பக்கம். விலங்கு ஆஸ்பத்திரியைத் தாண்டி, குப்பை வண்டி நிறுத்துகிற இடத்தையும் தாண்டினால் ஒரு பச்சைக் கதவு. பேசாதே என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால்தான் பாறுகள் இருந்தன.

பிணந்தின்னிக் கழுகு என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அந்தப் பேரில் எனக்கு உடன்பாடில்லை. நாம் மட்டும் என்ன, உயிரோடு பிடித்தா தின்கிறோம்? ஒரு காலத்தில் எங்கே மாடு செத்துக் கிடந்தாலும் வானத்திலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். இப்போது அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்தான். மாட்டுக்கு வலி தெரியாமலிருக்க ஒரு மருந்து போடுகிறார்கள். மருந்து உடம்பில் இருக்கும்போதே அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால் அதற்குச் சிறுநீரகம் நின்றுவிடும். மாட்டுக்கு வலி போகும், பாறுக்கு உயிர் போகும். அதனால்தான் எங்களைப் போன்ற இடங்களில் முட்டையை வாங்கிப் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, பறக்கிற வயதில் காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் குஞ்சு வளர்க்கிறவள்.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. குஞ்சு மனித முகத்தைப் பார்க்கக் கூடாது, மனிதக் குரலைக் கேட்கக் கூடாது. கண் திறந்ததும் தனக்கு ஊட்டுவது யாரோ அவர்தான் தன் இனம் என்று அது நம்பிவிடும். நம் முகம் அதன் மனதில் பதிந்துவிட்டால் அவ்வளவுதான். காட்டில் விட்டாலும் ஊரைத் தேடி வரும். யார் வீட்டு வாசலிலாவது போய் இறங்கி, சோறு போடு என்று நிற்கும். அவர்கள் கல்லை எடுப்பார்கள்.

அதனால் ஒரு கையுறை. தாய்ப் பாறின் தலையும் கழுத்தும் போலவே செய்தது. அலகு உண்டு, கண் உண்டு, கழுத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி இறகும் உண்டு. முழங்கை வரை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கூட்டின் சுவரில் துணி தொங்கவிட்ட ஓர் ஓட்டை. அதன் வழியாகக் கை மட்டும் உள்ளே போகும், ஆள் வெளியே. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. நான் அதைப் பார்க்கலாம், அது என்னைப் பார்க்க முடியாது.

செய்துபார்த்தால்தான் தெரியும் அதன் கஷ்டம். சும்மா கறியைக் கொண்டுபோய் வாயில் திணித்தால் குஞ்சு தின்னாது. தாய் முதலில் அலகால் அலகைத் தொடும். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்க்கும். குஞ்சு சிணுங்கியதும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். அந்தச் சாய்ப்பு எனக்குக் கைவந்த அளவுக்கு யாருக்கும் வரவில்லை. எங்கள் கால்நடை மருத்துவர் ஒரு பெண். டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பெரிய மனிதர்கள் யாராவது பார்வையிட வந்தால் என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "இது எங்க அக்கா. இவங்களுக்கு இருக்கிறது கை இல்ல, கழுத்து," என்பார். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். கடைசிவரை என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்.

இந்த முறை ஒன்பது குஞ்சுகள். காலில் வளையம், வளையத்தில் எண், அதோடு சரி. பேர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் மிருகக்காட்சிசாலை இயக்குநர் சொல்வார். அப்படி ஒட்டிக்கொள்கிற மனசு எனக்கில்லை. ஆனால் ஒன்பதையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பேர் வைத்திருந்தேன். வாய்விட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை, உதடு மட்டும் அசையும். பெரியவன் என்று ஒன்று. வாயாடி என்று ஒன்று, ஓயாமல் கத்தும். அழுமூஞ்சி என்று ஒன்று. அது பொரிந்து வெளியே வந்தபோது பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட குஞ்சு. எவ்வளவு தொட்டாலும் வாயைத் திறக்காது. ஓட்டைக்கு வெளியே மணை போட்டு உட்கார்ந்து, கை மரத்துப்போகிற வரைக்கும் அதன் அலகைத் தொட்டுத் தொட்டு வைத்து, நான்தான் தின்னப் பழக்கினேன்.

பிள்ளை இல்லாதவள், கழுகைக் கொஞ்சி மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று யாராவது கதை கட்டிவிடப் போகிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் நல்ல இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். மகள் அடிக்கடி போன் செய்து, அப்பாவுக்கு உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்று என்னை விரட்டுவாள். மகன் எதைக் கேட்டாலும் சரிம்மா என்று சொல்லிவிட்டு அவன் நினைத்ததைச் செய்வான். பாசத்துக்கு ஏங்குகிற வீடு இல்லை எங்களுடையது.

என் வாரவிடுமுறை நாளில் ஒல்லி என்று ஓர் ஆள் எனக்குப் பதிலாகக் கையுறை மாட்டுவான். குரங்குப் பகுதியில் வேலை பார்க்கிறவன், கொஞ்சம் அவசரக்காரன். அவன் எப்படிச் செய்கிறான் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஊழியர்கள் வேறொருவர் முறையின்போது உள்ளே போகக் கூடாது. ஆனால் முன்பக்கத்தில் ஒரு கூடம் இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் கேமரா வழியாகக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதை அங்கே பெரிய திரையில் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதென்று கிளம்பினேன்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாரம் பூரா அங்கதான் கிடக்கிற. லீவு நாள்லயும் அங்கயே போகணுமா? அதுவும் டிக்கெட் எடுத்து?" என்றார். சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். அவருக்கு முட்டி வலி. கூடத்துக்குப் போகிற படியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்து ஏறினார்.

கூடம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டிப் பெண் கையில் மைக்கை வைத்துக்கொண்டு, பாறு இல்லாவிட்டால் செத்த விலங்குகள் அழுகி நோய் பரவும், அதனால் அதைக் காப்பாற்றுவது நம்மைக் காப்பாற்றிக்கொள்வது என்று நன்றாகவே விளக்கினாள். திரையில் அழுமூஞ்சி மட்டும் தனியாகக் கூட்டில் இருந்தது. துணி விலகியது, கையுறை உள்ளே வந்தது. ஒல்லி அலகைத் தொடவில்லை, சாய்க்கவில்லை. கறியை நீட்டினான், அவ்வளவுதான். அழுமூஞ்சி எழுந்து, இறக்கையை அடித்துக்கொண்டு, விழுந்தடித்து ஓடிவந்து வாங்கித் தின்றது. இன்னும் கேட்டுக் கத்தியது.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "மிஸ், அதான் அம்மாவா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. அதான் அம்மா," என்றாள் வழிகாட்டி. எல்லாரும் கைதட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் என் தோளை இடித்தார். "என்னம்மா, ஆள் மாறினதுகூடத் தெரியாம உன் புள்ளைங்க வாங்கித் தின்னுதுங்க. அவனுக்கும் அதே பாசம்தான் போல." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். யார் மாட்டினாலும் குஞ்சு தின்ன வேண்டும் என்பதற்காகத்தானே கையுறையே செய்தார்கள். திரும்பும் வழியில் அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் நான் சட்டத்தை மீறவில்லை. கையுறையை ஒருநாளும் கழற்றவில்லை. கூட்டுப் பக்கத்தில் இருமல் வந்தால்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறேன். இதை நீங்கள் டாக்டரம்மாவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

குஞ்சுகள் வளர்ந்ததும் ஒன்பதையும் ஒன்றாகப் பெரிய வலைக்கூண்டுக்கு மாற்றினோம். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும், உள்ளே பறந்து பழகலாம். கையுறையின் வேலை அதோடு முடிந்தது. இனிமேல் முழுக் கறியை ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவை தாங்களே கிழித்துத் தின்னும். கையுறையைக் கழுவிக் காயவைத்து அலமாரியில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

காட்டில் விடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மனிதனைப் பார்த்தால் அவை பயந்து விலக வேண்டும். விலகாத பறவையை விட மாட்டார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நீங்களே போங்க. உங்க கைல வளந்ததுங்க. உங்களப் பாத்தே ஓடுச்சுன்னா, ஊர்ல எவனப் பாத்தாலும் ஓடும்."

முகத்தை மறைக்காமல், சீருடையோடு, வலையை ஒட்டிப் போய் நின்றேன். ஒன்பதும் ஒரே நேரத்தில் எழும்பின. தூசி கிளம்பியது. அந்தக் கோடி வலையில் போய் மோதி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, என்னிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் ஒட்டிக்கொண்டன. வாயாடிக்கு இறக்கையில் காயமாகி ரத்தம் வந்தது. அழுமூஞ்சி அந்தக் கூட்டத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

டாக்டரம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சுட்டோம்க்கா. உங்கள அதுங்களுக்குத் தெரியவே தெரியாது!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னே, எவ்வளவு உழைப்பு. ஆமாம் டாக்டரம்மா, ஜெயித்துவிட்டோம் என்று நானும் சொன்னேன். எல்லாருக்கும் டீ வரவழைத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை, ஆனால் அதற்கு என் வீட்டுக்காரரின் முட்டி வலிதான் காரணம். விடிய விடிய முனகிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் என்ன நினைத்தேன் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். அவசரத்தில் செய்த காரியம் இல்லை இது.

போன முறை காட்டில் விட்டவற்றில் ஒன்று கொஞ்ச நாளிலேயே செத்துக் கிடந்தது. மரத்தடியிலிருந்து எடுத்துவந்தார்கள். டாக்டரம்மா அதை அறுத்தபோது நான் கூட நின்றேன். உள்ளே குடலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. எவனோ மாட்டுக்குப் போட்ட ஊசி. இராப்பகல் பார்க்காமல், பொத்திப் பொத்தி வளர்த்தது இதற்காகவா என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பதில் சொன்னார். "எல்லாமே பிழைக்காதும்மா. சிலது பிழைக்கும். அது போதும், வானம் நிறையறதுக்கு."

சிலது என்றால் எது எது? பெரியவனா, வாயாடியா? அதை அவரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. எனக்கோ அழுமூஞ்சி அந்தச் சிலதில் சேராது என்று நன்றாகத் தெரியும். எங்கேயோ முகம் தெரியாத இடத்தில், யாரும் பக்கத்தில் இல்லாமல், தலை தொங்கிக் கிடக்கப்போகிறது. எப்படியும் சாகப்போகிறதென்றால், எங்கே சாகிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையாவது முடிவுசெய்யலாமே. விவரம் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்ற எட்டையும் விட்டுவைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுக்கு ஒரு நியாயம், எட்டுக்கு ஒரு நியாயம் என்று பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பார்க்க என்னால் முடியாது.

கறி எங்களுக்கு ஒரு தொழுவத்திலிருந்து வரும். கறவை நின்ற மாடுகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒருவர். தொழுவக்காரர் என்றால் மிருகக்காட்சிசாலையில் எல்லாருக்கும் தெரியும். வலிமருந்தே போடாமல் வளர்த்து, வயதாகிச் செத்த மாட்டை மட்டும் எங்களுக்குக் கொண்டுவருவார். கூடவே அதே மாட்டின் ஈரலில் ஒரு துண்டைத் தனிப் பையில் போட்டுக் கொண்டுவருவார். டாக்டரம்மா சோதித்துப் பார்ப்பது அந்த ஈரலைத்தான். ஈரல் சுத்தமென்றால் கறி சுத்தம் என்று அர்த்தம். ஈரல் ஒரு மாட்டுடையது, கறி வேறு மாட்டுடையது என்று இருக்கலாமே என எங்களில் ஒருவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. அவ்வளவு நாணயமான மனிதர் அவர்.

சோதனை முடிந்த பிறகு குளிர் அறையிலிருந்து வலைக்கூண்டு வரைக்கும் கறி என் பொறுப்பு. பறவைகள் மனிதரைப் பார்க்கக் கூடாது என்பதால் வெளிச்சம் நன்றாக வருவதற்கு முன்பே கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டும். கூட யாரும் வரக் கூடாது. கதவுப் பக்கம் கேமரா கூடக் கிடையாது.

மருந்துக்காக நான் எங்கும் அலையவில்லை. என் வீட்டுக்காரருக்கு முட்டி வலிக்கு எழுதிக் கொடுத்ததும் அதே மருந்துதான். மனிதர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. "மாத்திரைய எங்கம்மா வச்ச? அட்டையோட காணோம். எலி தூக்கிட்டுப் போச்சா? பாவம், அதுக்கும் முட்டி வலியோ என்னமோ," என்று தேடினார். தீர்ந்துபோயிருக்கும், வாங்கி வருகிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க வெந்நீரில் துணியை நனைத்து அவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன். அவரை அப்படிக் கஷ்டப்பட வைத்ததற்காக எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

கறியைக் கீறியது நான். மருந்தைக் கரைத்துத் தடவியது நான். உள்ளே தள்ளியதும் நான்தான். கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகத் தின்றன. எப்போதும் கூட்டத்துக்குப் பின்னாலேயே நிற்கிற அழுமூஞ்சி அன்று மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து தின்றது. அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் பெரியவனுக்குக் கழுத்து தொங்கிவிட்டது. நிமிர்த்தப் பார்க்கும், மறுபடி தொங்கும். பிறகு ஒவ்வொன்றாக. டாக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊசி போட்டார், குழாய் வைத்து நீர் ஏற்றினார், சாப்பிடாமல் கிடந்தார். மீந்த கறியை எடுத்துச் சோதித்தார், மருந்து தெரிந்தது. ஈரலை மறுபடி சோதித்தார், சுத்தமாக இருந்தது. அவர் வேறு எந்த முடிவுக்குத்தான் வர முடியும்? தொழுவக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"என் தொழுவத்துல அந்த மருந்தே கிடையாதும்மா. நான் எதுக்கு வேற ஈரலக் குடுக்கப் போறேன்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "அக்கா, இத்தன வருஷமா என்னைப் பாக்குறீங்க. நீங்களாவது சொல்லுங்கக்கா."

"எனக்கென்னண்ணே தெரியும்? வர்ற கறிய உள்ள தள்றவதானே நானு," என்றேன். அதில் பாதி உண்மை.

அவரை உங்கள் ஆட்கள் வந்து அழைத்துப்போனார்கள். அவர் மனைவி டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் வந்து நின்றார். யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றவரை நான்தான் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "அவருக்கு நெஞ்சு வலி இருக்குக்கா. மாத்திரைய வேளைக்குப் போடணும். உள்ள யாராச்சும் ஞாபகமாக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கொடுப்பார்கள், கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். தொழுவக்காரர் ஜெயிலிலேயே இறந்துபோன விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏற்கெனவே அவருக்கு நெஞ்சு வலி இருந்தது என்பதைத் தயவுசெய்து தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுவந்து என் தலையில் கட்டக் கூடாது.

அப்படியென்றால் எதற்காக இப்போது வந்து சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். அவருக்காக வரவில்லை. அவர் போய்விட்டார், நான் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்று காலை நடந்த கூட்டத்துக்காக வந்தேன்.

இயக்குநர் எல்லாரையும் அழைத்திருந்தார். தொழுவக்காரர் இறந்துவிட்டதால் வழக்கு மேற்கொண்டு நகராது, ஆனால் நம் பக்கத்தில் நடந்த தவறையும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஈரல நம்பினது நம்ம எல்லாரோட தப்பு. ஆனா கறி கடைசியா உங்க கையாலதானே போச்சு. அதுல ஒரு துண்டு வெட்டி சோதிக்கக் குடுத்திருக்கலாமேம்மா. திட்டணும்னு சொல்லல. கவனக்குறைவு, அவ்வளவுதான்."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஒல்லி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அவன், என்னை.

இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு தாழ்ப்பாளை நான் மறந்து விட்டதில்லை. ஒரு தட்டைக் கழுவாமல் வைத்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை. என்னைக் கொலைகாரி என்று சொல்லுங்கள், பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். கவனக்குறைவு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கூட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன். என் வீட்டுக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடச் சொல்லி யாராவது ஒரு போன் செய்தால் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் ஏதோ வெறுப்பில் செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஒன்பதும் பிழைக்காது என்று தெரிந்ததும் டாக்டரம்மா, "இனிமே மறைக்கறதுக்கு என்னக்கா இருக்கு, வாங்க உள்ள," என்றார். முகத்தை மூடாமல் எல்லாரும் வலைக்கூண்டுக்குள் போனோம். நான் நேராக அழுமூஞ்சியிடம் போனேன். மூலையில் சாய்ந்து கிடந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் தலையை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் கை. அத்தனை மாதத்தில் அன்றுதான் அதன் தோலின் சூட்டை முதன்முதலாகத் தொட்டேன். "அழுமூஞ்சி," என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

அது கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தது. ரொம்பக் கிட்டத்தில் பார்த்தது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. கழுத்தை உள்ளுக்கு இழுத்தது, பிறகு வயிற்றில் இருந்ததையெல்லாம் என் மடியில் கக்கியது.

டாக்டரம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். "அக்கா, விடுங்க, தள்ளி வாங்க. உங்களப் பாத்துப் பயப்படுது. ரொம்பப் பயந்தாத்தான் இப்படிக் கக்கும். பாவம்க்கா, கடைசி நேரத்துலயாச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

அவர் படித்ததை அவர் சொன்னார், அதில் தப்பில்லை. பயந்தால் கக்கும், எனக்கும் தெரியும். ஆனால் பாறு இன்னொரு சமயத்திலும் வயிற்றில் இருப்பதைக் கக்கும். கூட்டில் தன்னுடையவர்களுக்கு ஊட்டுகிற சமயத்தில். வேறு யாருக்காகவும் அப்படி எடுத்துக் கொடுக்காது. டாக்டரம்மா சின்னப் பெண், அவருக்கு அது தோன்றவில்லை.

நான் விலகவில்லை. இரண்டு மூன்று முறை தலையை உதறி உதறி இழுத்துப் பார்த்தது. அடங்குகிறவரைக்கும் நான் பிடித்த பிடியை விடவில்லை. கையுறைக்குள் இருந்தது யார் என்று அதற்குக் கடைசியில் தெரிந்துவிட்டது, சார். தெரிந்ததால்தான் எனக்கு ஊட்டியது.